டர்போ லாரிக்குக் கேட்ச் கேன் வேண்டுமா? முதலில் பிரீதர் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள்

திருமங்கலத்திலிருந்து ஒரு லாரி உரிமையாளர் கேட்டிருக்கிறார். வண்டி 2014 மாடல், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) உள்ள இன்ஜின், ஆறு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்ததால் கழற்றியபோது உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தது. டர்போ வண்டிக்குக் கேட்ச் கேன் (இன்ஜினின் பிரீதர் குழாயில் வரும் எண்ணெயைப் பிடித்துவைக்கும் டப்பா) கட்டாயம், ஒன்று செய்து மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். மாட்டலாமா என்பது அவர் கேள்வி. வார்த்தையில் கேனைப் பற்றிக் கேட்டாலும், அவர் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது, இன்ஜின் வேலைக்கு வந்துவிட்டதா, கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வண்டியை இன்னும் எத்தனை நாள் நம்பலாம் என்பதுதான் அது. கேன் இந்த மூன்றில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது. ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு 27 ஆண்டுகளாக மதுரை சுற்றுச்சாலை ஓரத்தில் கனரக வண்டிகளின் இன்ஜின்களைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வண்டியை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிரீதர் என்ற குழாய் எதற்கு இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எரிந்த வாயு முழுவதும் பிஸ்டனுக்கு மேலேயே நின்றுவிடுவதில்லை. பிஸ்டன் ரிங்குகளுக்கு வாய் இடைவெளி உண்டு. புத்தம் புதிய இன்ஜினிலும் உண்டு. இன்றைய டர்போ டீசல்களில் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் 150 பாரையும் தாண்டுகிறது. அவ்வளவு அழுத்தத்தில் கொஞ்சம் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே, ஆயில் தேங்கி நிற்கும் சம்புக்கு இறங்கத்தான் செய்யும். இதைத்தான் பட்டறைகளில் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறோம். டர்போ இன்ஜினில் இதோடு இன்னொரு வழியும் சேருகிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை ஒட்டிச் சுழல்வது. அந்த வேகத்தில் ரப்பர் சீல் தாங்காது. பிஸ்டன் ரிங்கைப் போன்ற மெல்லிய உலோக வளையம்தான் இரண்டு பக்கமும் காவல். அழுத்தக் காற்றில் ஒரு பங்கு அந்த வளையத்தைத் தாண்டி, ஆயில் திரும்பும் குழாய் வழியாகச் சம்புக்குள் வந்து சேரும். பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் தேயத் தேயத் தன் பங்கை அனுப்பும். இவ்வளவு வாயுவும் வெளியேற ஒரு வழி வேண்டும், அந்த வழிதான் பிரீதர். வெளியேறும்போது கொதிக்கும் ஆயிலின் ஆவியையும் நுண்துளிகளையும் ஈரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும். டாடாவின் ஒரே 697 இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) என்பதுதான் அந்த எண்ணின் பொருள். டர்போ இல்லாமல் வந்த பழைய வண்டியையும் டர்போவோடு வந்ததையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் டர்போ வண்டியின் பிரீதரில் புகை கூடுதலாகத்தான் தெரியும். அதைப் பார்த்த உடனே ரிங் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதுவது தவறு.

இந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்பதில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில் குழாய் சேஸிஸுக்குக் கீழே இறங்கி, ரோட்டைப் பார்த்துத் திறந்தபடி நிற்கும். புதிய வகையில் அந்தக் குழாய், ஆவியிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் ஒரு பிரிப்பான் வழியாக ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள பைப்பில் சேர்ந்து, ஆவியெல்லாம் மறுபடியும் இன்ஜினுக்கே போய் எரியும். பெட்ரோல் கார்களில் இப்படித் திருப்பிவிடுவது 1961 வாக்கிலேயே கலிபோர்னியாவில் தொடங்கிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் புகைமூட்டம் அதற்குக் காரணம். டர்போ டீசல்களுக்கு மட்டும் நெடுங்காலம் விலக்கு இருந்தது. எண்ணெய் ஆவி டர்போவின் கம்ப்ரஸர் சக்கரத்திலும் (காற்றை அழுத்தும் சக்கரம்) இன்டர்கூலரிலும் படியும் என்ற அச்சம் நியாயமானதே. அமெரிக்காவில் அந்த விலக்கு 2007 மாடல் இன்ஜின்களோடு முடிந்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 மாசு விதி வந்த பிறகு, நல்ல பிரிப்பானோடு மூடிய அமைப்புதான் பெரும்பாலும் கண்ணில் படுகிறது. 2014 வண்டியில் இரண்டில் எதுவும் இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, செலவில்லாத வேலை: இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வு கவரின் பக்கத்தில் அல்லது பிளாக்கின் ஓரத்தில் தொடங்கும் பிரீதர் ஹோஸைக் கையால் பிடித்து, அது முடியும் இடம் வரை தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். கண்ணால் மட்டும் பார்க்க வேண்டாம்; கேபினுக்கு அடியில் ஒன்றுபோல் நான்கைந்து கறுப்புக் குழாய்கள் ஓடும், ஏமாற்றிவிடும். உங்கள் வண்டியில் அது ரோட்டைப் பார்த்துத் திறந்திருந்தால் பட்டறையில் சொன்ன கணக்கு அங்கேயே விழுந்துவிடுகிறது. பிரீதர் ஆவி டர்போ பக்கம் போகவே இல்லை; அப்படியிருக்க இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெய் அந்த வழியாக எப்படி வந்திருக்கும்? கேன் மாட்டினால் ரோட்டில் சொட்ட வேண்டியது கேனில் சொட்டும், அவ்வளவுதான். இன்டர்கூலரில் எண்ணெய் முன்போலவே சேரும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலையாக முடியும்.

குழாய் டர்போவுக்கு முன்னால் போய்ச் சேர்கிறது என்றால் இரண்டாவது சோதனை. நான் எப்போதும் செய்வது இதுதான், இதற்கும் கருவி வேண்டாம். பழைய வெள்ளை வேட்டித் துணியில் இரண்டு துண்டு கிழித்துக்கொள்வேன். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் பைப்பைக் கழற்றி, பிரீதர் ஹோஸ் சேரும் இடத்துக்குப் பிறகு, கம்ப்ரஸர் சக்கரத்தின் முகப்பு வரை முதல் துணியால் துடைப்பேன். டர்போவிலிருந்து வெளியேறி இன்டர்கூலருக்குப் போகும் பைப்பின் உட்புறத்தை இரண்டாவது துணியால் துடைப்பேன். பிறகு இரண்டையும் பானெட்டின் மேல் அருகருகே விரித்து வைத்துவிட்டுப் பார்ப்பேன். சென்ற மாதம் வாடிப்பட்டியிலிருந்து வந்த ஒரு வண்டியில் முதல் துணியில் மெல்லிய பழுப்புத் தூசு, கையில் ஒட்டவில்லை. இரண்டாவது துணியை எடுக்கும்போதே கனத்தது. கறுப்பாக, பிழிந்தால் சொட்டும் நிலை. எண்ணெய் டர்போவுக்கு முன்னால் இல்லை, பின்னால் மட்டும் இருக்கிறது என்றால் அது டர்போவுக்குள்தான் பிறந்திருக்கிறது. வேறு வழியே கிடையாது. அந்த வண்டிக்கும் கேன் மாட்டத்தான் வந்திருந்தார்கள். மாறாக, முதல் துணியும் நனைந்து வந்தால் பிரீதர் பக்கம் சந்தேகப்படுவது சரி. இரண்டிலும் லேசான எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்து, விரலில் பளபளப்பு தெரிகிற அளவோடு நின்றால், மூடிய அமைப்புள்ள வண்டியில் அது இயல்பு. ஹோஸை மாட்டிவிட்டு வண்டியை ஓட்டுங்கள்.

இரண்டாவது துணி மட்டும் நனைந்த வண்டிகளில் உடனே டர்போ போய்விட்டது என்று முடிவுகட்டி பெருந்தொகையைச் செலவழித்துவிடாதீர்கள். டர்போ எண்ணெய் கக்குவதற்குப் பாதிக் காரணம் டர்போவுக்கு வெளியே இருக்கிறது. அந்த மெல்லிய வளையம் எண்ணெயைத் தடுப்பது, கம்ப்ரஸர் பக்கத்துக் காற்றழுத்தம் உட்பக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதால்தான். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் கதை தலைகீழாகிவிடுகிறது: சக்கரத்துக்குப் பின்னால் இழுவிசை உண்டாகி, எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறது. மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகளிலும் கிரஷர்களிலும் ஓடும் வண்டிகளில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஃபில்டரைத் தட்டித் தட்டி, கம்ப்ரஸர் காற்றால் ஊதி ஊதி மறுபடியும் போடுகிறார்கள். அதில் காகிதம் கிழிந்து தூசு உள்ளே போகும். கிழியாவிட்டால் அடைப்பு மிஞ்சும். இரண்டும் கேடு. அடுத்து, நீண்ட நேரம் ஐடிலில் நிற்பது. துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போதும், இரவில் கேபின் மின்விசிறிக்காகவும் இன்ஜினை ஓட விடுகிற பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் இருக்கிறது. ஐடிலில் டர்போ அழுத்தம் கொடுப்பதில்லை, ஆயில் மட்டும் ஓடுகிறது; அப்போதும் எண்ணெய் கம்ப்ரஸர் பக்கம் கசியும். சிலிண்டரின் உட்சுவரான லைனரில் பளபளப்பு ஏறி ரிங் சரியாக உட்காராமல் போவதும் இதே பழக்கத்தால்தான்.

மூன்றாவது, ஆயில் திரும்பும் குழாய். டர்போவுக்குள் ஆயில் பம்ப் அழுத்தத்தில் போகிறது, ஆனால் திரும்பி வருவது தன் எடையால் மட்டுமே. அந்தக் குழாய் சற்று நெளிந்திருந்தாலும், போன முறை மாட்டியவர் கேஸ்கட்டுக்குப் பதிலாகத் தாராளமாகப் பிதுக்கிய சிலிக்கான் பசை உள்ளே தொங்கிக்கொண்டிருந்தாலும், ஆயில் டர்போவுக்குள்ளேயே தேங்கி இரண்டு பக்கமும் வழியும். புதிய டர்போ மாட்டி ஒரே வாரத்தில் மறுபடியும் எண்ணெய் வந்த வண்டி ஒன்றில், பட்டாணி அளவு பசைக் கட்டியைத்தான் நான் குழாயிலிருந்து எடுத்தேன். இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் டர்போ தண்டின் ஆட்டத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் சிறு ஆட்டம் எல்லா டர்போவிலும் உண்டு; சக்கரத்தின் இதழ் உறையைத் தொட்டுத் தேய்ந்த தடம் இருந்தால், அல்லது முன்னும் பின்னும் இழுத்தால் கையில் தெரிகிற ஆட்டம் இருந்தால், அந்த டர்போவை அவிழ்த்தே ஆக வேண்டும்.

இப்போது முதல் துணி நனைந்த வண்டிக்கு வருவோம். அங்கேயும் கேனுக்கு முன்னால் இரண்டு பார்க்க வேண்டும். ஒன்று, சம்பில் ஆயில் மட்டம். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றிவைப்பது நல்லது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கிராங்க் அந்த ஆயிலை அடித்து நுரையாக்கி பிரீதர் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். மட்டத்தைக் குறைத்தவுடன் கேள்வியே தீர்ந்துபோன வண்டிகள் உண்டு. இரண்டாவது, பேக் கம்ப்ரஷன் எவ்வளவு என்பதை அளப்பது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பி வைத்து அது குதிக்கிறதா என்று பார்ப்பது நம் ஊர் வழக்கம். அது ஒரு சந்தேகத்தைத் தரும், அளவைத் தராது. நல்ல டர்போ இன்ஜினிலும் மூடி கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

அளவு வேண்டுமென்றால் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற டியூப் இரண்டு மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் அதை ‘ப’ எழுத்தைப் போல மடித்துக் கட்டி, பாதி வரை தண்ணீர் ஊற்றி, இரண்டு துளி சொட்டு நீலம் விடுங்கள். டியூபின் ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் காற்றுப் புகாமல் மாட்டுங்கள், மறுமுனை திறந்தபடி இருக்கட்டும். பிறகு இன்ஜினை ஓட விட்டால், சம்புக்குள் இருக்கும் அழுத்தம் நீலத் தண்ணீரை ஒரு பக்கம் தள்ளும். இரண்டு பக்கத்து உயர வித்தியாசத்தை ஸ்கேலால் அளந்துவிடலாம். 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 0.01 பார். எண்ணாகப் பார்த்தால் சிறியதுதான், ஆனால் ஆயில் சீலுக்கும் டர்போவின் திரும்பு குழாய்க்கும் அது சிறியதில்லை. எத்தனை சென்டிமீட்டர் வரை சரி என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். தயாரிப்பாளர் தன் சர்வீஸ் கையேட்டில் வரம்பைக் கொடுத்திருப்பார், அளக்கும் முறையையும் சொல்லியிருப்பார். அதைத்தான் பின்பற்ற வேண்டும். என் பழக்கம், ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஒரே வேகத்தில் அளந்து நோட்டில் எழுதிவைப்பது. தனியாக ஓர் எண் பேசாவிட்டாலும், ஆறு மாதத்தில் அது இரட்டிப்பானால் இன்ஜின் தன் நிலைமையைச் சொல்லிவிட்டது. அதோடு டாப் அப் செய்யும் ஆயிலும் கூடிக்கொண்டே போனால் ரிங், லைனர் வேலைக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள். அந்த நிலையில் கேன் மாட்டுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பது போன்றது. பாத்திரம் நிறையும், கூரை சரியாகாது.

இவ்வளவும் பார்த்து, ஆயில் மட்டம் சரி, பேக் கம்ப்ரஷன் வரம்புக்குள், பிரீதர் டர்போவுக்கு முன்னால் சேர்கிறது, ஆனாலும் பைப்பில் எண்ணெய் அதிகம் என்றால், முதலில் வண்டியோடு வந்த பிரிப்பானைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்; மாற்றும் வகையாக இருந்தால் மாற்றுங்கள். ஆறு லட்சம் கிலோமீட்டர் வரை அதை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள் என்பது என் அனுபவம். அதன் பிறகும் வேண்டுமென்றால் கேன் மாட்டலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கேன் என்ற பெயரில் எதை மாட்டுகிறீர்கள் என்பது முக்கியம். பிரீதரில் வரும் எண்ணெயில் பெரும்பகுதி ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துளிகள். தலைமுடியின் பருமன் 70 மைக்ரானை ஒட்டி இருக்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே எதுவும் இல்லாத வெறும் டப்பாவில் அந்தத் துளிகள் புகையோடு புகையாக நுழைந்து, புகையோடு புகையாக வெளியேறிவிடும். பெரிய சொட்டுகள் மட்டும் அடியில் தங்கும். தடுப்புத் தகடுகளும், துளிகளை ஒன்றுசேர்த்துச் சொட்டாக்கும் நார்ப்படுகையும் இருந்தால்தான் அது பிரிப்பான். நார்ப்படுகை இருந்தால் அது ஒருநாள் அடைக்கும். அடைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு வண்டியில் கண்ணால் பார்த்தேன்.

மேலூரிலிருந்து கிரானைட் ஏற்றும் வண்டி அது. லேத் பட்டறை ஒன்றில் கேன் செய்து வாங்கியிருந்தார்கள். வண்டியின் பிரீதர் ஹோஸ் கட்டைவிரல் நுழையும் அளவு. கேனில் பற்றவைத்த நிப்பிள்களோ சுண்டுவிரல்கூட நுழையாத அரை அங்குலம். உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைத்திருந்தார்கள். மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. கேனில் எண்ணெய் சேர்வதைப் பார்த்து உரிமையாளருக்கும் நிம்மதி. ஒருநாள் தேனிக்குப் போகும்போது ஆண்டிபட்டி கணவாயில் முழுச் சுமையோடு ஏறும் நேரத்தில் கிளட்ச் வழுக்கத் தொடங்கி வண்டி நின்றுவிட்டது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் வெளியே பிதுங்கி, கிளட்ச் தட்டு எண்ணெயில் குளித்திருந்தது. கேனைத் திறந்தேன். கம்பி நார், எண்ணெயும் கரியும் ஈரமும் சேர்ந்து கல்போல இறுகியிருந்தது. வாயுவுக்கு வேறு வழி இல்லாமல் சீலைத் தள்ளியிருக்கிறது. டர்போவையும் பார்த்தேன். சம்பில் அழுத்தம் ஏறியதால் டர்போவிலிருந்து ஆயில் இறங்க முடியாமல், இன்டர்கூலர் பைப் முன்பைவிட அதிகமாக நனைந்திருந்தது. எதைத் தடுக்க அதை மாட்டினார்களோ அதையே அது உண்டாக்கிவிட்டது. அதோடு, நாரிலிருந்து உதிர்ந்த கம்பித் துணுக்குகள் கம்ப்ரஸர் சக்கரத்தின் இதழ் ஓரங்களைக் கடித்திருந்தன. அந்த உரிமையாளர் அன்று கணவாய் ஓரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த காட்சிதான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

ஆகவே மாட்டுவதென்றால் நிப்பிளும் ஹோஸும் பழைய குழாயைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது. ஹோஸ் எங்கும் தொங்கித் தொட்டில் போல வளையக் கூடாது, அந்த வளைவில் எண்ணெய் தேங்கி அடைப்பான் ஆகிவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் கேன் இருக்கக் கூடாது. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே நீலத் தண்ணீர் டியூபால் அளந்து பாருங்கள். கேன் வந்த பிறகு வித்தியாசம் கூடியிருந்தால், அந்தக் கேன் உங்கள் வண்டிக்கு ஆகாது. காலி செய்வதை ஓட்டுநரின் வாராந்தர வேலையாக்குங்கள். முதல் மாதம் மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் சேர்வது எண்ணெய் மட்டுமாக இருக்காது. தண்ணீரும் சிறிது டீசலும் கலந்திருக்கும். கொடைக்கானல் மலையில் குறைந்த தூரம் ஓடி நிற்கும் வண்டிகளில் காலையில் திறந்தால் மோர் போல வெளுத்த கலவை இருக்கும். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று மட்டும் சரிபாருங்கள். அந்தக் கலவையை வீணாக்க மனமில்லாமல் மறுபடியும் இன்ஜினில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். கழிவு ஆயில் வாங்கும் அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.

காலி செய்வதை மறப்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் தனியாகச் சொல்கிறேன். டீசல் இன்ஜினுக்கு இன்ஜின் ஆயிலும் எரிபொருள்தான். நிரம்பிய கேன் ஒரு மேட்டிலோ வேகத்தடையிலோ அலம்பி, ஒரு குவளை எண்ணெய் மொத்தமாக டர்போவுக்குள் போனால், இன்ஜின் தன் சொந்த எண்ணெயைக் குடித்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். அப்படி நேர்ந்தால் கியர் வண்டியில் உயர்ந்த கியரைப் போட்டு, பிரேக்கை முழுவதும் மிதித்துக்கொண்டு, கிளட்சை விட்டு இன்ஜினைத் திணற அடித்து நிறுத்துவதுதான் வழி. காற்று போகும் வாயைக் கையாலோ துணியாலோ பொத்த முயலக் கூடாது. கையைப் பிடித்து இழுத்துவிடும், துணியை விழுங்கிவிடும். இன்ஜினுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவும் கூடாது. உங்கள் ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் இதை இன்றே சொல்லிவையுங்கள். கேன் மாட்டாவிட்டாலும் டர்போ சீல் முழுவதும் போனால் இதே நிலைமை வரலாம்.

கேன் உண்மையிலேயே பயன்பட்ட இடங்களும் உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பங்கை மறுபடியும் இன்டேக்குக்கே திருப்பிவிடும் அமைப்பு) உள்ள இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் கரியும் பிரீதர் எண்ணெயும் இன்டேக் மேனிஃபோல்டில் சந்தித்துத் தார்போல் ஒட்டிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட வண்டிகளைப் பிரிக்கும்போது மேனிஃபோல்டின் துளை பாதியாகச் சுருங்கியிருந்ததைக் கண்டிருக்கிறேன். கரி தனியாக இருந்தால் உலர்ந்து போய்விடும், எண்ணெய்தான் அதற்குப் பசை. எண்ணெயைக் குறைத்தால் படிவு குறையும் என்பது தர்க்கப்படி சரி. நல்ல பிரிப்பானோடு ஓடிய இரண்டு வண்டிகளில் மேனிஃபோல்ட் சுத்தமாகத்தான் இருந்தது; ஆனால் அவை இரண்டும் நீண்ட தூரம் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டிகள், படிவு குறைந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆகவே இதை உறுதி என்று எழுதமாட்டேன். இன்னொரு இடம் போர்வெல் வண்டி. நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் முழுப் பளுவில் ஓடும் கம்ப்ரஸர் இன்ஜினில், ஃபேன் காற்றை வெளிப்பக்கமாகத் தள்ளும் அமைப்பாக இருந்தால், திறந்த பிரீதரின் எண்ணெய் ஆவி நேராகக் கூலர் இதழ்களில் போய்ப் படியும்; அதன்மேல் கல்தூள் ஒட்டிச் சுவர் எழுப்பிவிடும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வண்டிக்குப் பிரீதர் ஹோஸை நீட்டி, கூலருக்கு அப்பால் கொண்டுபோய், முனையில் ஒரு கேன் வைத்தோம். சூடேறுவது நின்றது. பெரும்பலன் ஹோஸை நீட்டியதில் கிடைத்தது என்றே நினைக்கிறேன். கேன் தரையில் சொட்டாமல் பார்த்துக்கொண்டது.

பிஎஸ்6 வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரே வார்த்தை: தொடாதீர்கள். அந்த அமைப்பு பிரிப்பானோடு சேர்த்தே வடிவமைக்கப்பட்டது. சில இன்ஜின்களில் சம்பின் அழுத்தத்தைக் கவனிக்க சென்சாரும் இருக்கிறது, வழியில் எதையாவது செருகினால் எச்சரிக்கை விளக்கு எரியும், உத்தரவாதக் கோரிக்கையிலும் சிக்கல் வரும். அங்கே செய்ய வேண்டியது, பிரீதர் ஃபில்டரைக் கையேடு சொல்லும் கிலோமீட்டரில் மாற்றுவதும், டிபிஎஃப்புக்கு (எக்ஸாஸ்ட் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) ஏற்ற குறைந்த சாம்பல் ஆயிலை மட்டும் ஊற்றுவதும்தான். மூடிய பிரீதரைக் கழற்றி ரோட்டுக்குத் திறந்துவிடுவது மாசு விதிகளுக்கும் விரோதம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, எஃப்.சி. காட்டும்போது கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர்தான்.

கேன் மாட்டினால் மைலேஜ் கூடும், இழுவை கூடும் என்று சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியிலும் டீசல் கணக்கில் அப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்த்ததில்லை. பெட்ரோல் கார்களுக்குச் சொல்லப்படுவதை அப்படியே லாரிக்கு எடுத்து வருகிறார்கள். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் கார்களில் இன்டேக் வால்வைக் கழுவ எரிபொருள் வருவதில்லை, எண்ணெய்ப் படிவு அங்கே தனிப் பிரச்சினை. அந்தக் கார்க்காரர்கள் கேன் மாட்டுவதில் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் காட்டி லாரிக்கு மைலேஜ் கூடும் என்று சொல்ல முடியாது.

திருமங்கலத்து நண்பரே, கேனுக்கு முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். கிழிந்த ஹோஸை மாற்றுவதற்கு முன் இன்டர்கூலரையும் கழற்றி, தேங்கிய எண்ணெயை வடித்து, உள்ளே நன்றாக அலசி, முழுவதும் காயவைத்து மாட்டுங்கள். அதில் மிச்சமிருக்கும் எண்ணெய் நான் மேலே சொன்ன கட்டுப்பாடற்ற ஓட்டத்துக்குப் போதுமானது. எண்ணெய் ஊறிய ரப்பர் இளகிவிடும், ஹோஸ் கிழிந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். புது ஏர் ஃபில்டர் போட்டு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இரண்டு வெள்ளைத் துணிகளோடு மறுபடியும் பாருங்கள். பிரீதர் குழாய் எங்கே முடிகிறது, எந்தத் துணி நனைந்தது, அந்த ஆயிரம் கிலோமீட்டரில் எத்தனை லிட்டர் டாப் அப் செய்தீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். டர்போவை அவிழ்க்க வேண்டுமா, ரிங்கைப் பார்க்க வேண்டுமா, அப்படியே ஓட்டலாமா என்று அதற்குப் பிறகு சொல்கிறேன்.